ஒரத்தநாடு என்னும் முக்தாம்பாள்புரம்



ஊர்கள் தோன்றும் வகை பல. ஆற்றங்கரையிற் குடியேறி உழுதோர் ஆக்கிய ஊர்கள் சில. கோயிலைச் சூழ்ந்து வீதிகள் எழுந்தமையால் உண்டானவை சில. கோட்டையும் கொத்தளமும் காரணமாகப் பிறந்தவை சில. மரக்கலங்கள் வந்தடையும் துறையினால் வளர்ந்தவை சில. சோழவளநாட்டில் இவற்றிற்கெல்லாம் எடுத்துக்காட்டுத் தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தஞ்சையும் குடந்தையும் நாகையும் நம் கண்முன்னரே நிற்கின்றன. ஆனால், முன்பின் அறியாத வழிப்போக்கனுக்கு இட்ட சோற்றினாற் பெயர்பெற்று வளர்ந்த ஊரும் ஒன்று இந்நாட்டில் உண்டு. தஞ்சைக்குத் தெற்கே, பட்டுக்கோட்டைச் சாலையில், ஏறத்தாழ 15 மைல் தொலைவில் உள்ள ஒரத்தநாடு என்னும் சிற்றூரே அது. அதன் வரலாற்றை நம் இளைஞரும் பெண்மக்களும் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் விருப்பினால் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நாடும் ஊரும்

ஒரத்தநாடு எனவும் உரத்தநாடு எனவும் இவ்வூர்ப் பெயரை எழுதுவர். நாடு என்று முடியும் பெயர்கள் இப்பகுதியிற் பல உள. பாப்பாநாடு, தென்னமநாடு என்பன அண்மையில் உள்ளவை. ஊர்கள் பல கூடி ஒரு நாடாகி, நாட்டார் கூடித் தம் காரியங்களைத் தாமே பேசித் தீர்த்துக்கொண்ட பழைய வழக்கத்தின் அடையாளமாக இப்பெயர்கள் இன்றும் நிலவுகின்றன. ஆகவே, மராட்டிய மன்னர் வருமுன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர், உழுதனர் என்பதில் ஐயமில்லை.

எனினும் அக்காலத்து ஒரத்தநாட்டை இக்காலத்துப் பசுமையோடு வைத்து எண்ணுதல் கூடாது. காவிரியும் வெண்ணாறும் அவற்றின் கிளைகளும் பாயும் பழைய கழனிநாடு இதற்கு வடக்கே முடிந்துவிடும். இது மேட்டுப்பாங்கான மண். வானம் பார்த்த புன்செய்யும், ஏரி குளங்களை நம்பிய சிறு நன்செய்யுமே இங்கு இருந்தன. நெற்களஞ்சியத்தின் வாயிலில் நின்றும் நெல்லுக்கு ஏங்கிய நிலம் இது. இத்தகைய இடத்தில் அன்னசத்திரம் ஒன்று எழுந்தது என்பதே நாம் முதலில் நினைத்துப் பார்க்கத் தக்கது.

அரசிழந்த அரசர்

சத்திரத்தை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னருள் ஒருவராகிய இரண்டாம் சரபோஜி மகாராஜா ஆவர். 1777-ஆம் ஆண்டிற் பிறந்த இவரைத் துளஜா மகாராஜா 1787-ஆம் ஆண்டில் சுவீகாரம் செய்துகொண்டார். சுவீகாரத் தந்தை அவ்வாண்டிலேயே காலமாகவே, அரியணை அமரசிங்கர் கைக்குச் சென்றது. இளைஞராகிய சரபோஜி, ஸ்வார்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியாரின் பாதுகாப்பில் வளர்ந்தார். சென்னை சென்று ஆங்கிலமும் பிற கலைகளும் கற்றார்.

இவர் குழந்தையாய் இருந்தபொழுது, 1781-ஆம் ஆண்டில், ஹைதர் அலியின் படை தஞ்சை நாட்டிற் புகுந்து பயிரையும் ஊரையும் அழித்தது. உழவர் ஊரைவிட்டு ஓடினர். தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிந்தனர். அரிசி திரட்டி அவர்க்கு உணவளித்தவருள் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரும் ஒருவர். சோறுடைத்து எனப் புகழ்பெற்ற நாட்டிலும் பஞ்சம் வரும் என்பதைத் தஞ்சையார் கண்ணாற் கண்ட காலம் அது. அக்காலத்து நினைவுகளோடு வளர்ந்த ஓர் இளவரசர்க்கு அன்னத்தின் அருமை விளங்கியிருக்கும் என்று கூறுதல் மிகையாகாது.

1798-ஆம் ஆண்டிற் சரபோஜி அரியணை ஏறினார். ஆனால், மறு ஆண்டிலேயே, அதாவது 1799-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கும்பினியாருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. அதன்படி நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியார்க்குச் சென்றது. மன்னர்க்கு ஆண்டுதோறும் ஓரிலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் என ஏற்படுத்தப்பட்டது. அவர் அதிகாரம் தஞ்சைக் கோட்டை அளவில் நின்றுவிட்டது. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் அரசர் என்னும் பெயர் மட்டும் எஞ்ச, அரசை இழந்து நின்றார்.

இந்நிலையிற் பிறர் என்ன செய்திருப்பர்? சிலர் சூழ்ச்சியில் இறங்கியிருப்பர். பலர் கேளிக்கையில் மூழ்கியிருப்பர். சரபோஜி மகாராஜாவோ சரஸ்வதி மகால் ஏடுகளைப் பெருக்கினார்; மருத்துவம் ஆராய்ந்தார்; பள்ளிகள் ஏற்படுத்தினார். நாடு கைவிட்டுப் போனாலும் தருமம் கைவிட்டுப் போகலாகாது என்று உறுதிகொண்டு, சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ள விரும்பிக் கும்பினியாரோடு வாதாடினார். அவ்வாதத்தின் நடுவே பிறந்ததே ஒரத்தநாட்டுச் சத்திரம்.

அம்மையாரின் வேண்டுகோள்

தஞ்சை மராட்டியர் சத்திரங்களுட் பல பெண்டிர் பெயரையே தாங்கி நிற்கின்றன. பிரதாபசிங்க மகாராஜா தம் தேவியார் யமுனாம்பாள் பெயரால் நீடாமங்கலத்திற் சத்திரம் ஏற்படுத்தினார். அவ்வூரும் யமுனாம்பாள்புரம் எனப்பட்டது. அவ்வழக்கத்தை ஒட்டியே ஒரத்தநாடும் முக்தாம்பாள்புரம் எனப் பெயர் பெற்றது. முத்தம்மாள் சத்திரம் என்று பொதுமக்கள் இன்றும் வழங்குவர்.

இந்த முக்தாம்பாள் யாவர்? பட்டத்தரசியாக மாலை சூடியவர் அல்லர். இளமையில் மன்னரின் அன்பிற்கு உரியவராய் இருந்து, இளமையிலேயே உயிர் நீத்தவர். தாம் இறக்குந் தறுவாயில், தமக்கென மாளிகையோ கல்லறையோ வேண்டாது, தம் பெயரால் ஏழைகட்கும் வழிச்செல்வோர்க்கும் அன்னமிடும் சத்திரம் ஒன்று அமைய வேண்டும் என மன்னரை வேண்டிக்கொண்டார் என்று வழிவழியாகக் கூறுவர். மன்னரும் அவ்வேண்டுகோளை ஏற்று, 1802-ஆம் ஆண்டை ஒட்டி, இங்குச் சத்திரத்தை நிறுவினார். பட்டம் பெறாத பெண்ணொருத்தியின் பெயர் ஓர் ஊர்க்கே பெயராயிற்று. பட்டம் பெற்ற அரசியர் எத்துணையோ பேர் இன்று பெயர் தெரியாது போயினர். ஈகையினால் வரும் புகழுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஓரிரவுத் தங்கல்

இவ்விடத்தைத் தேர்ந்ததும் காரணமின்றி அன்று. வடக்கே காசியிலிருந்து வருவோரும் தமிழ்நாட்டு யாத்திரிகரும் சேதுஸ்நானம் செய்ய இராமேசுவரம் செல்லும் பெருவழி அந்நாளில் தஞ்சையிலிருந்து தெற்கே இறங்கிற்று. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, இராசாமடம், சேதுபாவாசத்திரம், மணமேற்குடி, மீமிசல் என்று அவ்வழி கடற்கரையைத் தழுவிச் செல்லும். மூட்டை முடிச்சுடன், முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நடப்பவர் நாளொன்றுக்குச் செல்லக்கூடிய தொலைவு 15 மைல் அளவே. காலையில் தஞ்சைக் கோட்டையை விட்டுப் புறப்பட்டவன் அந்திப்பொழுதிற் கால்சோர்ந்து உட்காரும் இடம் ஒரத்தநாடாக இருக்கும். அங்கிருந்து மீண்டும் ஒரு நாள் நடந்தால் பட்டுக்கோட்டை. நடப்பவனுடைய கால்வலியே இவ்வூரின் இடத்தைக் குறித்தது என்று ஊகித்தல் தவறாகாது.

சத்திரத்தின் அறங்கள்

சத்திரம் என்றால் இக்காலத்தார் கல்யாண மண்டபத்தையே நினைப்பர். அந்நாளைச் சத்திரம் அத்தகையது அன்று. 1801-ஆம் ஆண்டில் சரபோஜி மகாராஜா, தஞ்சையில் இருந்த கும்பினிப் பிரதிநிதி டாரின் துரைக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் நடைபெறும் தருமங்களை விரித்துரைத்திருக்கின்றார். அதன் சாரத்தை நம் சொற்களிலே தருகின்றோம்.

அந்தணர் முதல், தீண்டத்தகாதார் என அக்காலத்தில் ஒதுக்கப்பட்டோர் ஈறாக, யோகியரும் பக்கீர்களும் உட்பட, வருவோர் எவராயினும் அன்னம் உண்டு. சமைத்த அன்னம் கொள்ளாதார்க்கு அரிசியும் பண்டங்களும் உலுப்பையாக அளிக்கப்படும். நடு இரவு வரை அன்னம் வழங்கப்படும். பின்னர் மணி அடித்து, இன்னும் உண்ணாதார் உளரோ என்று அழைத்து, இருந்தால் அவர்க்கும் இடப்படும். மழையினாலோ பிறவற்றாலோ புறப்பட இயலாது தங்கினோர்க்குத் தங்கும் நாளெல்லாம் உணவு உண்டு.

சத்திரந்தோறும் வேதம் ஓதுவிப்போரும், ஒரு பள்ளி ஆசிரியரும், ஒரு வைத்தியரும் இருப்பர். வைத்தியர் நோய்க்கும் வீக்கத்திற்கும் விடக்கடிக்கும் மருந்து தருவார். வழியில் நோயுற்றவர் குணமாகும்வரை மருந்தும் பத்திய உணவும் பெற்றுத் தங்கலாம். கருவுற்ற பெண்டிர் வந்தால் பேறுகாலத்திற்கு வேண்டியன செய்யப்படும். குழந்தைகட்குப் பால் தரப்படும். வழிச்சென்றவர் ஒருவர் சத்திரத்தில் இறந்துபடின், அவரவர் குலவழக்கப்படி இறுதிக்கடன் செய்யப்படும்.

இவற்றினும் உள்ளத்தை உருக்குவது அநாதைக் குழந்தைகளைப் பற்றிய ஏற்பாடு. யாத்திரையிற் பெற்றோரை இழந்த குழந்தையைச் சத்திரத்துப் பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைப்பர். நாளொன்றுக்கு மூன்று வேளை உணவும், நான்கு நாட்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும், உடையும், வேண்டும்போது மருந்தும் அக்குழந்தைக்கு உண்டு. அது விரும்பிய கல்வி கற்பிக்கப்படும். கற்றுத் தேறியபின் திருமணச் செலவும் சத்திரத்தைச் சார்ந்ததே.

நள்ளிரவில் அடித்த அந்த மணியைச் சிறிது எண்ணிப் பாருங்கள். பசித்தவன் வந்து கேட்டபின் இடுவது ஓர் அறம்; பசித்தவன் எங்கேனும் ஒதுங்கிக் கிடப்பானோ என்று தேடி அழைத்து இடுவது அதனினும் பெரியதோர் அறம்.

ஒரத்தநாட்டுச் சத்திரத்தோடு பள்ளியும் இணைந்து நடந்தது. கட்டடமும் சாமானியமானது அன்று. குதிரைகளும் யானைகளும் இழுத்துச் செல்லும் தேரெனத் தோன்றுமாறு கல்வேலை அமைத்தனர். அரசியரும் தெய்வங்களும் ஏறும் தேரில் வழிப்போக்கனை ஏற்றிவைத்த கருத்துப் போலும்! சத்திரத்தைச் சுற்றிச் சமையற்காரர், நீர் சுமப்போர், கணக்கர், வைத்தியர், ஆசிரியர், கடைக்காரர், வண்டிக்காரர் என்று பலரும் குடியேற, ஊர் வளர்ந்தது.

இதே மன்னர் இதே வழியில், பட்டுக்கோட்டைக்கும் அப்பால் கடற்கரையில், மனோரா என்னும் உயர்ந்த கோபுரத்தையும் கட்டினார். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக எழுந்தது அது. மனோரா பிறர் வெற்றிக்கு நாட்டிய நினைவு. முக்தாம்பாள் சத்திரம் தம் உள்ளத்து அன்பிற்கு நாட்டிய நினைவு. இரண்டும் ஒருவர் கையால் எழுந்தனவே. ஆயினும் ஊரை வளர்த்தது சத்திரமே.

தளர்ச்சியும் திருத்தமும்

சரபோஜி மகாராஜா 1832-ஆம் ஆண்டிற் காலமானார். அவர் மைந்தர் சிவாஜி 1855-ஆம் ஆண்டில் ஆண்மகவு இன்றி இறக்கவே, தஞ்சை அரசப் பட்டமும் மறைந்தது. சத்திரங்கள் சர்க்கார் வசமாகி, பின்னர் ஜில்லா போர்டின் பொறுப்பில் வந்தன. 1861-ஆம் ஆண்டில் நாகையிலிருந்து தஞ்சைக்கு இரயில் வந்தது. 1914-ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு இராமேசுவரத்திற்கே இரயில் சென்றது. காசி யாத்திரிகர் ஒரத்தநாட்டுச் சாலையில் நடக்க வேண்டிய தேவை நீங்கிற்று. நடப்பார் இல்லாத வழியில் அன்னசத்திரத்திற்கு வேலை ஏது? ஆகவே சத்திரத்து வருவாய் மெல்ல மெல்லக் கல்விக்குத் திருப்பப்பட்டது. 1881-ஆம் ஆண்டில் திருவையாற்றில் தொடங்கிய வடமொழிக் கல்லூரியும் இச்சத்திரப் பொருளால் எழுந்ததே. ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் பள்ளியில் பயில்வோர்க்கு இலவச விடுதிகள் நடந்தன.

இங்கே நாம் ஒரு குறையையும் மறையாது கூறவேண்டும். எல்லார்க்கும் என ஏற்பட்ட தருமத்தின் பொருளால் நடந்த அவ்விடுதிகளிற் காலப்போக்கில் பிராமண மாணவர்க்கு மட்டுமே உணவும் உறையுளும் என்னும் வழக்கம் வேரூன்றிவிட்டது. சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து புழுதிச் சாலையில் நடந்துவந்து படித்த ஏனைய வகுப்புப் பிள்ளைகள், கட்டுச்சோற்றை மரத்தடியில் அவிழ்த்து உண்டு மீண்டும் நடந்து செல்ல வேண்டியவராயினர். அன்னத்தால் எழுந்த ஊரில் இலை போடப்படுவதற்கு முன் குலம் கேட்கப்பட்டது. நிறுவிய மன்னரின் கடிதத்தையும் இவ்வழக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தருமம் எவ்வளவு எளிதில் தன் வழியினின்று விலகும் என்பது விளங்கும். வலிந்து எவரும் அபகரிக்க வேண்டுவதில்லை. கேட்பார் இல்லாவிடின் போதும்.

கேட்பவர் ஒருவர் வந்தார். 1924-ஆம் ஆண்டு முதல் 1930-ஆம் ஆண்டு வரை தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக விளங்கிய ஏ. டி. பன்னீர்செல்வம் அவர்களே அவர். பெரும்பண்ணையூரிற் பிறந்த இக்கிறித்தவப் பெருமகனார், சத்திரங்களின் பழைய நோக்கத்தை எடுத்துக்காட்டி, ஒரத்தநாட்டு விடுதியையும் இராசாமடத்து விடுதியையும் எல்லா வகுப்பு மாணவர்க்கும் திறந்துவிட்டார். திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் வித்துவான் படிப்பிற்கும் இடம் உண்டாயிற்று. பின்னர் 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நாளில், இங்கிலாந்து நோக்கிச் செல்கையில், அவர் ஏறிய விமானம் ஓமான் கடற்பகுதியில் மறைந்து, தமிழ்நாட்டைத் துயரில் ஆழ்த்தியது. அவர் புதியதோர் அறம் செய்தார் என்று நாம் கூறமாட்டோம். பழைய மணியை மீண்டும் அடித்தார் என்றே கூறுவோம். அவ்விடுதியில் உண்டு படித்த முதல் தலைமுறையினர் பலர் ஆசிரியராயினர், எழுத்தராயினர், வழக்கறிஞராயினர். அதன் பயனைப் பெற்ற குடும்பங்கள் நம் சங்கத்திலும் உண்டு என்பதை நன்றியோடு நினைத்தல் நம் கடமை.

நீர் வந்த கதை

சத்திரத்தால் அன்னம் வந்தது. நெல் வர இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கர்னல் எல்லிஸ் என்னும் பொறியாளர் வகுத்த திட்டத்தின்படி, 1925-ஆம் ஆண்டில் தொடங்கிய மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதனோடு கல்லணையிலிருந்து வெட்டப்பட்ட புதிய கால்வாய், காவிரிநீரை மேட்டுநிலமாகிய ஒரத்தநாட்டிற்கும் பட்டுக்கோட்டைக்கும் கொண்டுவந்தது. மக்கள் அதனைப் புது ஆறு என்றே அழைக்கின்றனர். இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதனாற் பயன் பெறுகின்றது. கம்பும் வரகும் விளைந்த மேட்டில் நெற்கதிர் தலைசாய்த்தது. பிறர் கொணர்ந்த அரிசியால் விருந்தோம்பிய ஊர், தன் வயலின் அரிசியாலேயே விருந்தோம்பும் வலிமை பெற்றது. அணைநீர் குறையும் ஆண்டுகளில் கடைமடையின் கலக்கம் இவ்வூர்க்கும் உண்டு என்பது உழவர் அனைவரும் அறிந்ததே.

இன்று ஒரத்தநாடு ஒரு பேரூராட்சி, வட்டத்தின் தலைமையிடம். 2012-ஆம் ஆண்டில் இங்கு அரசினர் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தோன்றிற்று. வெளியூர்ப் பிள்ளைகள் பலர் வந்து தங்கிப் பயில்கின்றனர். வழிப்போக்கர்க்கென எழுந்த ஊரில் மீண்டும் வெளியூரார் வந்து தங்குவது பொருத்தமே. ஆயின் சத்திரக் கட்டடமோ நெடுங்காலம் பேணுவாரின்றிச் சிதைந்தது. மரம் உளுத்தது; சுவரில் ஆலும் அரசும் வேர்விட்டன. பேருந்தில் அவ்வழியே செல்லும் நம்மவருள் எத்தனை பேர் தலையைத் திருப்பி அதனைப் பார்த்திருப்போம்?

நாம் செய்யத்தக்கது

ஊரின் பெருமையைப் பேசுதல் எளிது. விழா எடுத்து, மாலையிட்டு, வாழ்த்தொலித்துக் கலைதல் அதனினும் எளிது. ஒரு தருமத்தால் தோன்றிய ஊரைப் போற்றும் முறை, அத்தருமத்தைத் தொடர்ந்து செய்வதே ஆகும். எனவே இரண்டு விண்ணப்பங்களை அங்கத்தினர்முன் வைக்கின்றோம்.

முதலாவது: ஒவ்வொரு குடும்பமும் தம் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் சென்று அச்சத்திரத்தைக் காட்டி, அதன் கதையைச் சொல்லுக. கோயிலுக்குச் செல்வதுபோற் செல்லுக. பெரியோர் தாம் கேட்டறிந்த சத்திர, விடுதிச் செய்திகளைச் சிறுவரைக்கொண்டு எழுதுவித்து வைக்குக. வாய்மொழி ஒரு தலைமுறையோடு மறையும், எழுத்து நிற்கும்.

இரண்டாவது சிறிது கடினமானது. நம் குலத்துப் பிள்ளைகள் படிக்க நம் சங்கம் பொருளுதவி செய்து வருகின்றது. அது நன்றே, பிறர் கைவிட்ட காலத்தில் நம்மை நாமே தாங்கிக்கொண்டோம். ஆயினும் அன்று விடுதி வாயிலில் நம் பிள்ளைகளை நிறுத்திக் குலம் கேட்டபொழுது நமக்கு எவ்வளவு நொந்ததோ, அவ்வளவு நோவு இன்று நம் வாயிலில் வேறொரு பிள்ளைக்கு உண்டாகலாமோ? நம் வயலில் நம்மோடு சேற்றில் நின்று நாற்று நட்டோரின் மக்கள் பசித்துப் படிக்கையில், அவர் பெயர் நம் உதவிப் பட்டியலில் இல்லை என்று நாம் வாளா இருத்தல் தகுமோ? ஆண்டுதோறும் நாம் உதவும் மாணவருள் ஒரு பங்கினரேனும் பிற குலத்து ஏழைப் பிள்ளைகளாய் இருக்கட்டும். நம் இல்லத் திருமணங்களில் வீணாகும் ஒரு பந்திச் செலவு, ஒரு பிள்ளையின் பல மாத உணவாகும். இதனை அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஆராய்ந்து முடிவு செய்யுமாறு வேண்டுகின்றோம். மறுப்போர் இருப்பர் என்பதை அறிவோம். அவர்கள் மறுக்குமுன் ஒருமுறை ஒரத்தநாடு சென்று வருவாராக.

அரசிழந்த ஓர் அரசரும், அரசியாகாத ஒரு பெண்மணியும் சேர்ந்து ஆக்கிய ஊர் அது. அவர்கட்குப் படை இல்லை, ஆட்சி இல்லை. இருந்தது இன்னும் உண்ணாதார் உளரோ என்று கேட்கும் உள்ளம் ஒன்றே. அவ்வுள்ளம் நம்மிடையே வாழ்க! முக்தாம்பாள்புரம் வளர்க! காவிரி பொய்யாது பெருகி, களம் நிறைந்து, வந்தார்க்கெல்லாம் இலை விரிக்கும் நாடாக நம் நாடு நிலைபெறுக!